முப்பத்தெட்டுக் கோடுகள்

என் கடையைத் தின்றுகொண்டிருக்கும் ஒரு கடைக்கு நானே சந்தா கட்டிக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சாரம் பகுதியில் எனக்கு ஒரு ஸ்டேஷனரி கடை, கூடவே ஜெராக்ஸ். நோட்டு, பேனா, ஸ்டாப்ளர் பின் வரைக்கும் ஜனங்கள் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவேன். சாயங்காலம் மூலக்குளத்தில் வீட்டுக்குப் போனதும், நானும் அதே போனில் குக்கர் கேஸ்கட்டும் பைக் கவரும் வாங்குவேன். டெலிவரிக்குத் தனிக் காசு கிடையாது, மறுநாளே வாசலுக்கு வருகிறது என்றால் யார்தான் விடுவார்கள்.

சந்தா என் பெயரில். சென்னையில் படிக்கிற என் பையன் நிலவன் பொங்கலுக்கு வந்திருந்தபோது அதை என் மனைவி கலைமகளின் போனிலும் போட்டுக்கொடுத்தான். "இதுல புக்கும் எரவல் எடுக்கலாம்மா. ஒரு நேரத்துல பத்து புக்கு. படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தா அடுத்தது எடுத்துக்கலாம்" என்றான். ஒரே கணக்கு, இரண்டு போன். என் போனிலும் அந்தப் புத்தக ஆப்பை இறக்கிவிட்டுத்தான் போனான். நான் காதில் வாங்கவில்லை. புத்தகம் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. புத்தகத்துக்கு அட்டை போடத்தான் தெரியும்.

ஜூன் கடைசி. பள்ளிக்கூடம் திறக்கிற அமளி ஓய்ந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மத்தியானம், பைக்குக்குப் பக்கக் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு வரிசை ஓடியது. 'நீங்கள் படித்ததை வைத்து, உங்களுக்காக.' தாலி கட்டியவளின் தனிமை பற்றி ஒன்று, நாற்பது வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவளைப் பற்றி ஒன்று. நான் எங்கே எதைப் படித்தேன் என்று எரிச்சலோடு தொட்டேன். அந்தப் புத்தக ஆப்பில், கலைமகள் இரவல் எடுத்து வைத்திருந்த அலமாரி திறந்துகொண்டது. ஏழு அட்டைகள். ஏழிலும் பெண்கள், ஏழு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதல் அட்டையைத் தொட்டதும் போன் என்னைக் கேள்வி கேட்டது. இன்னொரு போனில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் போயிருக்கிறாய், அங்கே கொண்டுபோய் விடவா என்று இங்கிலீஷில். சரி என்றேன். போய் இறங்கிய பக்கத்தில் ஒரு வரியின் அடியில் புள்ளி புள்ளியாகக் கோடு ஓடியது.

'நான் இந்த வீட்டில் இல்லாமல் போனால், அதை முதலில் கவனிப்பவர் பால்காரராகத்தான் இருப்பார்.'

பக்கத்திலேயே பொடி எழுத்தில்: 38 ஹைலைட்டர்ஸ்.

இருபத்தாறு வருஷமாக ஹைலைட்டர் விற்கிறவன் நான். மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, ரோஸ். எது சீக்கிரம் காயும், எது அடுத்த பக்கத்துக்கு ஊறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் முக்கியமான வரியில் ஒரு தடவை இழுப்பார்கள். ரொம்பப் பயந்த பிள்ளை இரண்டு தடவை இழுக்கும். இவள் முப்பத்தெட்டு தடவை இழுத்திருக்கிறாள். காகிதமாக இருந்திருந்தால் கிழிந்திருக்கும்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள்கூட அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அதை நான் பெருமையாக வெளியில் சொல்லிக்கொள்வேன். அந்த மத்தியானம் அந்தப் பெருமையே எனக்குப் பயமாகிவிட்டது. இவள் போகப் போகிறாள் என்று தோன்றியது. சண்டை போடுகிறவள் போகமாட்டாள், சும்மா இருந்து ஒரு வரியை முப்பத்தெட்டு தடவை இழுக்கிறவள்தான் போவாள்.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். எந்த முகத்தோடு கேட்பது? இரண்டு வருஷத்துக்கு முன், நான் குளித்துக்கொண்டிருந்தபோது அடித்த என் போனை அவள் எடுத்து யார் என்று பார்த்ததற்காக நான் ஆடிய ஆட்டம் எங்கள் தெருவுக்கே தெரியும். என் போனைத் தொட உனக்கு என்ன உரிமை என்று கேட்டவன் நான். இப்போது போய், நீ படிக்கிறதைத் திறந்து பார்த்தேன், நீ கோடு போட்டதை எண்ணினேன் என்றா சொல்வது? தெரியாமலிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். தெரிந்த பிறகு வாயைத் திறக்கவும் முடியவில்லை, மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து பாத்திரத்தோடு வாசலில் நின்றேன். பால்காரர் அரிகிருஷ்ணன் என்னைப் பார்த்து வண்டியை ஒரு தடவை தடுமாற விட்டார். பேசாமல் ஊற்றினார். இரண்டாம் நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், பாலை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அக்கா ஊருக்குப் போயிட்டாங்களா சார்? மூணு நாளா காணுமே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாலை அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன். அந்த வரியில் எழுதியிருந்தது எழுத்துக்கு எழுத்து நடந்துவிட்டது. நடத்தி வைத்தவனும் நானே.

அன்றைக்குக் கடையில் மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 39 என்று இருந்தது.

முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டில் குழம்பு சப்பென்று இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இந்தக் கோடு என்று புரிந்தது. நான் கடைக்குக் கிளம்பிய பிறகு, பாத்திரம் கழுவிவிட்டு, போனை எடுத்து, பழைய பக்கத்தைத் தேடிப்போய் இன்னொரு கோடு போட்டிருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம் என்று ஒரு பக்கம் கோபம். மறு பக்கம், சப்பென்று இருந்தால் உப்பை எடுத்துப் போட்டுக்கொள்ள எனக்குக் கை இல்லையா என்று என் மேலேயே ஆத்திரம்.

அதற்கப்புறம் அந்த எண் எனக்கு ஜுரமானி ஆகிவிட்டது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் சாமி படத்துக்கு ஊதுவத்தி, அடுத்தது அந்தப் பக்கம். ஒரு வாரம் 39லேயே நின்றது. அந்த ஒரு வாரமும் வாயை அடக்கிக்கொண்டு, வைத்ததைத் தின்றுவிட்டு, தட்டை நானே கழுவிவைத்தேன். எனக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. எட்டாம் நாள் சாயங்காலம் நேரு வீதி மார்க்கெட் பக்கம் போய் மல்லிகைப் பூவும், அவளுக்குப் பிடித்த அல்வாவும் வாங்கிக்கொண்டு போனேன். அவள் இரண்டையும் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "இன்னிக்கி என்னா நாளு?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை பார்க்கிறேன், 42.

பூ வாங்கிக் கொடுத்ததற்கு மூன்று கோடு. இதற்குமேல் ஒரு மனுஷன் என்னதான் செய்வது என்று கல்லாப்பெட்டியை அடித்து மூடினேன். ஜெராக்ஸ் எடுக்க நின்ற பெண் பயந்துபோய் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டது.

அடுத்த புத்தகத்தில் வேறொரு வரி வந்தது. 'சாவி எங்கே, சட்டை எங்கே, கண்ணாடி எங்கே என்று கேட்டவர், நீ எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.' 51 ஹைலைட்டர்ஸ். அன்றிலிருந்து எங்கே என்கிற சொல்லை என் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்பது எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் பெல்ட் கிடைக்காமல் பேண்டைக் கையால் பிடித்துக்கொண்டே பைக்கில் ஏறினேன். கண்ணாடியைத் தேடி அரை மணி நேரம் அலைந்தேன், அது என் சட்டைப் பையில் இருந்தது. கேட்டிருந்தால் ஒரு விநாடியில் சொல்லியிருப்பாள்.

மத்தியானம் கடையிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். வெறுமே இதைக் கேட்பதற்காக.

"கலை, நீ எங்க இருக்க?"

"வீட்டுலதான். ஏன், என்னா ஆச்சு? மயக்கம் கியக்கம் வந்துச்சா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

"கடையிலேயே ஒக்காருங்க. வண்டி எடுக்காதீங்க. நான் ஆட்டோ புடிச்சி வரேன்."

வந்தேவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்து லேபில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதில் அவள் முகம் இன்னும் கலவரமானதுதான் மிச்சம். மகனுக்குப் போன் போட்டு, "ஒங்கப்பா ஒரு மாதிரியா இருக்காருடா" என்று ரகசியமாகச் சொன்னதையும் கேட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு வில்லங்கம். என் போன் அவள் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்குச் சொல்கிறது அல்லவா, நான் அவளைத் தாண்டி ஒரு பக்கம் போய்விட்டால் அவள் போனும் அவளிடம் சொல்லிவிடும். ஆகவே கதை என்ன, அடுத்து என்ன என்று நான் முன்னால் புரட்ட முடியாது. அவள் தாண்டிப்போன பக்கங்களில் மட்டும் பின்னாலேயே நடந்து, கோடு போட்ட இடம் வந்தால் நின்று, எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கோடு இல்லாத பக்கங்களை நான் படிக்கவில்லை. எனக்கு எதற்கு அது? எனக்கு வேண்டியது அவள் மனசு, அது கோட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கடையில் கண் அசந்து, கட்டைவிரல் பட்டு, புத்தகம் கடைசிப் பக்கம் வரைக்கும் ஓடிவிட்டது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போய்த் தேர்க் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்று, இவள் போகாமல் இருந்தால் போதும் தாயே, வேறொன்றும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். அவள் பக்கத்தில்தான் கைகூப்பி நின்றாள். அவள் என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்துகொள்ள எந்த ஆப்பும் இல்லை.

திரும்பி வந்த நாலாம் நாள், அலமாரியில் எட்டாவதாக ஒரு அட்டை. அதில் பெண் இல்லை. தமிழ் வழியாகப் பிரெஞ்சு கற்றுக்கொள்கிற பாடப் புத்தகம்.

தொமினிக் ஐயா என் பழைய வாடிக்கை. பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தவர், எண்பதைத் தொடுகிறார். பென்ஷன் நிற்காமல் வர, தான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு வருஷா வருஷம் அவர் ஒரு காகிதம் அனுப்ப வேண்டும். அதை ஜெராக்ஸ் எடுக்க என்னிடம்தான் வருவார். அந்தச் சனிக்கிழமையும் அதற்காக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரையும் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்.

"முசியே, ரெண்டு காப்பி போடு. நான் இன்னும் சாகலன்னு ரெண்டு பேருக்குச் சொல்லணுமாம்."

போட்டுக்கொடுத்துவிட்டு, யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டேன். "ஐயா, நாப்பது நாப்பத்திரண்டு வயசுல ஒரு பொம்பள பிரெஞ்சு படிக்க ஆரம்பிக்கிறாங்கன்னா, எதுக்கா இருக்கும்?"

"வேற எதுக்கு? கெளம்பறதுக்குத்தான்" என்றார் யோசிக்காமல். "எங்க தெருவுல ஒரு பொண்ணு அப்படித்தான் ஆறு மாசம் படிச்சிச்சு. அங்க கெழவங்கள பாத்துக்கற வேலைக்குப் போயிடுச்சு. இங்க பிரெஞ்சு படிக்கிறது ரெண்டே ஜாதி முசியே. மார்க்குக்குப் படிக்கிற புள்ளைங்க. ஊர விட்டுப் போறவங்க."

அவர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு போனார். நான் கடையைப் பாதியில் சாத்தினேன். ஷட்டருக்கு உள்ளே இருட்டில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். ஆறாவது பாடத்தில் இருந்தாள். வழி கேட்பது எப்படி என்று பாடம். ரயில் நிலையம் எங்கே இருக்கிறது, விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும். ஒரு கோடுகூட இல்லை. முடிவெடுத்துவிட்டவளுக்கு எதற்குக் கோடு என்று நினைத்தேன்.

அட்டையை அழுத்திப் பிடித்தால் கீழே திருப்பிக் கொடுக்க ஒரு பட்டன் வருகிறது. அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். புத்தகம் போய்விட்டது. ஒரு கதவுக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என் பிரெஞ்சு புக்கக் காணும்."

"டைம் முடிஞ்சி எடுத்துக்கினு இருப்பான்."

"இதுக்கு டைமெல்லாம் கெடயாது. சந்தா இருக்கற வரிக்கும் வச்சிக்கலாம். நாமளா திருப்பிக் குடுத்தாத்தான் போவும்." நிதானமாகச் சொன்னாள். "நான் குடுக்கல."

இரண்டு மாசமாக அடக்கிவைத்தது அத்தனையும் தப்பான வாசல் வழியாக வெளியே வந்தது.

"ஆமா, நான்தான் குடுத்தேன். என்னா இப்ப? நீ எனக்குத் தெரியாம ஒக்காந்து கோடு கோடா போடுவ, நான் பாத்துக்கினு இருக்கணுமா? பால்காரன் கவனிப்பானாம். முப்பத்தெட்டு தடவ போட்டிருக்கியே, கை வலிக்கல? பூ வாங்கியாந்த அன்னிக்கி மூணு தடவ போட்டியே, அந்தப் பூ உன்ன என்னா பண்ணுச்சி?"

"என்னா கோடு?" என்றாள்.

போனை எடுத்து, பக்கத்தைத் திறந்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். விரலால் அந்தப் பொடி எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். இப்போது 47 ஆகியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"ஹைலைட்டர்னா பேனா இல்லீங்க" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆளுங்க. இந்த புக்கப் படிச்சவங்கள்ள யாரெல்லாம் இந்த வரியில கோடு போட்டாங்கன்னு அவனே எண்ணிப் போடறான். எங்க எங்கயோ இருக்கற நாப்பத்தேழு பேரு. நான் ஒரு கோடுகூடப் போடல. எரவல் புக்குல யாராவது கோடு போடுவாங்களா?"

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? யாரோ முகம் தெரியாத பெண்களுக்காக நான் ஐந்தரைக்கு எழுந்து பால் வாங்கியிருக்கிறேன். திருநெல்வேலியிலோ சிங்கப்பூரிலோ ஒருத்தி தன் வீட்டுக்காரனை நினைத்துப் போட்ட கோட்டுக்கு, சாரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் குழம்பைப் பற்றி வாயை மூடியிருக்கிறேன். உடம்பில் கட்டியிருந்த கயிறெல்லாம் அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு இட்லி போடு என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அவள் போடவில்லை. சிரிப்பு நின்றிருந்தது.

"நீங்க பின்னாலயே படிச்சிக்கினு வரீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "ஒரு நாளு கடசிப் பக்கத்துக்குப் போவவான்னு என் போனு கேட்டுச்சி. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"நீங்க புக்கு படிக்கறீங்கன்னு சந்தோஷமா இருந்துச்சி. ரெண்டு பேரும் ஒரே கதையப் படிக்கறோம், என்னிக்காவது அதப்பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசுவீங்கன்னு பாத்தேன். நீங்க வேகமா வந்து சேரட்டும்னு நாலு நாளு நான் ஒரே பக்கத்துல நின்னேன்." தட்டை எடுத்துக்கொள்ள வந்த கை பாதியில் நின்றது. "அந்தக் கதையில வர பொம்பள பேரு என்னாங்க?"

எனக்குத் தெரியவில்லை. கோடு போட்ட வரிகள் அத்தனையும் எழுத்துப் பிசகாமல் தெரியும். அதைச் சொன்னவளின் பெயர் தெரியவில்லை. அவளுக்குப் பிள்ளை உண்டா, அவள் கடைசியில் என்ன ஆனாள், ஒன்றும் தெரியவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வருகிற பையன்களைப் பார்த்து நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

"அது போவட்டும்" என்றேன். எனக்கு வேண்டிய ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். "கோடு நீ போடலல்ல? அப்ப அந்த பால்காரன் வரி உன்னோடது இல்ல."

"கோடு போடலன்னுதான் சொன்னேன்" என்றாள்.

வெளியே தெருவில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. வழக்கமாக அவள்தான் குடத்தோடு ஓடுவாள். எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

கேட்டே தீர வேண்டியதாகிவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து என் வாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கேள்வி. கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பிரெஞ்செல்லாம் படிக்கற. என்ன உட்டுட்டுப் போயிடுவியா கலை?"

அவளுக்குக் கோபமில்லை. விவரம் தெரியாத வாடிக்கைக்காரனைப் பார்த்து நான் பொறுமையாகச் சொல்வேனே, அந்த மாதிரிதான் சொன்னாள்.

"எங்க போறது? எங்க அம்மா ஊட்டுல ஒரு ராத்திரி தங்குனா, எப்ப பஸ்ஸுன்னு அண்ணி கேக்கறாங்க. வேலைக்குப் போவேன்னு சொன்னப்ப நீங்க வேணாம்னுட்டீங்க, இப்ப யாரு குடுப்பாங்க. பிரெஞ்சு புக்கு எதுக்கு எடுத்தேன்னா, அது சும்மா கெடச்சிது. ரயில்வே ஸ்டேஷன் எங்கேன்னு கேக்க எனக்குப் புடிச்சிருந்துச்சி. அவ்ளோதான்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போறதுக்கு ஒரு எடம் இருந்தா, நான் எதுக்குங்க புக்கு எடுத்துப் படிக்கப் போறேன்?"

சமையலறைக்குள் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் போகமாட்டாள். தேர்க் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நான் அம்மனிடம் கேட்டது இதைத்தான், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லித்தான் கேட்டேன். அப்படியே கிடைத்திருக்கிறது. சாப்பிட்ட கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.